என் இரத்தம் மட்டும் நீலமாகவில்லை

ஜூன் 3, திங்கள்

இன்று தங்கம் முதல் முயற்சியிலேயே வந்துவிட்டது. கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டை ஊற்றினேன். முதலில் நிறமற்றுப் போனது, பிறகு சாம்பல், பிறகு கத்தரிப்பூ, கடைசியில் மாதுளைச் சாறு. எத்தனை தடவை செய்தாலும் அந்த மாதுளை நிறம் ஏறும்போது கை கூப்பத் தோன்றுகிறது. கூப்பியும் விட்டேன் போலிருக்கிறது.

"ஏன்டி, நகைக்கடையில கூட யாரும் தங்கத்தை இப்படிக் கும்பிட மாட்டாங்கடி" என்றாள் ரெஹானா.

ரெஹானா என்னோடு ஆய்வு செய்கிறவள். இங்கே சேருவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். அதனால் என் கையில் ஊசி ஏற்றுவது அவள் பொறுப்பு. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. அந்தக் கைக்கு முதல் நன்றி.

எங்கள் வேலையை இந்தக் குறிப்பிலும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். ஆய்வறிக்கையில் எழுதினால் யாருக்கும் புரியாது. பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் இரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. மருந்து உடம்பில் ஏறினால் அந்த நொதி செத்துப்போகும். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, இரத்தத்தின் தெளிந்த நீரான சீரத்தில் அந்த நொதி வெட்டக்கூடிய ஒரு சேர்மத்தை இரையாகப் போடுகிறோம். நொதி உயிரோடு இருந்தால் இரையை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு தங்கத் துகளில் போய் ஒட்டும். தனித்தனியாக மிதந்த துகள்கள் கூட்டமாகச் சேரும். கூட்டமாகிவிட்டால் தங்கத்தின் சிவப்பு நீலமாகிவிடும். நீலம் வந்தால் ஆள் நலம், சிவப்பாகவே நின்றால் ஆபத்து. தோட்டத்து வரப்பில் நின்றபடி வெறும் கண்ணாலேயே சொல்லிவிடலாம். அந்தச் சென்சார்தான் எங்கள் கனவு.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான இரத்தம் வேண்டும். தன்னார்வலராகக் கையெழுத்துப் போட்டிருப்பது நான். எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஆரோக்கியசாமி நான்தான் என்பது ரெஹானாவின் கேலி.

ஆரோக்கியசாமியின் சீரம் இன்றும் சிவப்பாகவே நின்றது. எங்கோ தப்பு செய்கிறேன்.

மாலையில் பஜ்ஜி தின்றது வயிற்றில் நின்றுகொண்டது. வாயு.

ஜூன் 6, வியாழன்

சிவப்பு.

ஜூன் 11, செவ்வாய்

பழைய இரையைக் கொட்டிவிட்டுப் புதிய புட்டி உடைத்தேன். சிவப்பு. கடையில் வாங்கிய சுத்தமான நொதியைப் போட்டுப் பார்த்தேன். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் சங்குப்பூ நீலம். அந்த நீலத்தைப் பார்த்ததும் கண்ணில் நீர் கட்டிவிட்டது. தங்கம் சரி, இரை சரி. என் சீரத்தில்தான் எதுவோ இடைஞ்சல் செய்கிறது.

சாருமதி மேடம் வந்து பார்த்தார். என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர். "சீரத்துல இருக்கற புரதம் தங்கத்தைச் சுத்தி மூடிக்கும் வாணி. அப்ப துகள் சேராது. இன்னும் நீர்த்துப் போட்டுப் பாரு" என்றார். கோபமே இல்லை. மூன்று வருடமாகச் சென்சார் ஓடாத மாணவியிடம் இப்படிப் பேசுகிற வழிகாட்டி எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

நீர்த்தேன். இன்னும் நீர்த்தேன். சிவப்பு.

ஜூன் 15, சனி

தாராபுரம். வீடு.

மதியம் அம்மா பருப்பு வடை சுட்டார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியை வைத்துத் திருகுகிற மாதிரி இருந்தது. வாயு என்று சொல்லிச் சமாளிக்க முடியவில்லை. அப்பா ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். எந்த அவசரத்திலும் குரல் உயராது. ஸ்கேன் பார்த்ததில் பித்தப்பையில் கற்கள். அறுவைச் சிகிச்சை செய்வதுதான் நல்லது, கோயம்புத்தூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்.

"ஆபரேஷன் எல்லாம் வேண்டாஞ் சாமி. கஞ்சி குடிச்சிட்டு இருந்தாச் சரியாப் போயிரும்."

"கல்லும்மா. கஞ்சியில கரையாது."

"கரையாட்டி இருந்துட்டுப் போகுது. உள்ள கெடக்கற கல்லு யாரை என்ன பண்ணுது?"

"என்னையத்தான் பண்ணுது!"

"டாக்டர் சொன்னாக் கேக்கோணுமில்ல" என்றார் அப்பா மெதுவாக. அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். தொட்டி நிறைந்துதான் இருந்தது.

அம்மாவுக்கு ஆபரேஷன் என்ற சொல்லே ஆகாது. என்னை வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளவே இல்லை. படிக்காதவர்கள் பயந்தால் புரிந்துகொள்ளலாம். அம்மா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் ஒரு சொம்பு வாழைத்தண்டுச் சாறு. அது சிறுநீரகக் கல்லுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். "கல்லுக்குக் கல்லு என்ன வித்தியாசம்?" என்றார் அம்மா. குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பஸ் கிளம்பும்வரை அப்பா சன்னலுக்குக் கீழேயே நின்றார்.

ஜூன் 20, வியாழன்

எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் ரெஹானா சுடிதார் கையை மேலே ஏற்றிக்கொண்டு வந்தாள். "உன்னோட சீரத்தோட மல்லுக்கட்டினது போதும். இன்னைக்கு என்னோடதைப் போடு." தன்னார்வலர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வளாகச் சுகாதார மையத்து நர்ஸிடம் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுடையதையும் என்னுடையதையும் அடுத்தடுத்த குழாய்களில் போட்டேன். அதே தங்கம், அதே இரை, அதே அளவு.

அவளுடையது ஊதாவாகி, நீலமானது. என்னுடையது மாதுளைச் சாறாகவே நின்றது.

இரண்டு பேரும் குதித்தோம். சென்சார் வேலை செய்கிறது! சீரத்தில் வேலை செய்கிறது! ரெஹானா என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே அவள் தோளுக்கு மேலாக என் குழாயைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அவளுக்கும் அதே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டாள்.

சிவப்பாகவே நின்றால் ஆபத்து. நான் எழுதிய வாக்கியம்தான் அது.

மேடம் வந்து இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வாணி, கடைசியா எந்தத் தோட்டத்துக்குப் போனே?"

"தொண்டாமுத்தூர் பக்கம் மேடம். மே மாசம். வாழைத் தோட்டம். மருந்தடிக்கிறவங்ககிட்ட இரத்தம் எடுக்க."

"கையுறை போட்டிருந்தியா?"

போட்டிருந்தேன். எல்லா நேரமும் போட்டிருந்தேனா என்று இப்போது கேட்டால் தெரியாது.

ஜூன் 21, வெள்ளி

மேடம் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே உள்ள பெரிய எந்திரத்தில் அதே நொதியை வேறு முறையில் அளந்தார்கள். எங்கள் சென்சார் சொன்னதையே அதுவும் சொன்னது. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

டாக்டர் என் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். எச்சில் ஒழுகுகிறதா, வியர்க்கிறதா, சதை துடிக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை.

"இந்த ரிசல்ட் பூச்சிமருந்தால வந்ததுன்னா, நீங்க ஸ்ட்ரெச்சர்லதான் வந்திருக்கணும். நீங்க படியேறி வந்திருக்கீங்க. லிஃப்ட் கூட எடுக்கலை" என்றார். தோட்டத்துக்குப் போகாதீர்கள், மூன்று வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார்.

வீட்டில் சொல்லவில்லை. கல்லுக்கே அந்தப் பாடு.

ஜூன் 26, புதன்

தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போன துணிகளை எல்லாம் இரண்டு தடவை துவைத்தேன். விடுதிக் காய்கறியை நிறுத்திவிட்டேன். ரெஹானாவின் அம்மா எனக்கும் சேர்த்து டப்பா கட்டி அனுப்புகிறார், எண்ணெய் இல்லாமல், காரம் இல்லாமல். பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காகத் தினமும் தனிக் குழம்பு. அதை எந்தப் பரிசோதனைக் குழாயில் போட்டு அளப்பது?

இன்றும் இரத்தம் எடுத்துப் போட்டோம். சிவப்பு.

ஜூலை 2, செவ்வாய்

நேற்று ஆய்வுக்கூடத்திலேயே மடங்கி உட்கார்ந்துவிட்டேன். ரெஹானாவும் மேடமும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலி நின்றது. ஆனால் கல் ஒன்று பித்தக் குழாயின் வாயருகில் இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம் என்றார் அறுவை மருத்துவர். பன்னிரண்டாம் தேதி என்று குறித்தாயிற்று.

அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ஆடி பொறக்கப் போகுது கண்ணு. ஆவணியில பாத்துக்கலாம்."

"பன்னெண்டாந்தேதி ஆனிதாம்மா."

"அப்ப ஹோமியோபதி டாக்டரை ஒருக்கா…"

"அம்மா, ஒரு சின்ன ஆபரேஷன். தூங்க வெப்பாங்க, முழிச்சுக்குவேன். அவ்வளவுதான். உங்களுக்குப் பயமா இருந்தா வராதீங்க. ரெஹானா பாத்துக்குவா."

அம்மா, "வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜூலை 8, திங்கள்

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முந்தைய பரிசோதனை. டாக்டர் செலின் ரோஸ். நாற்பது வயது இருக்கும். எதையும் அவசரப்படாமல் கேட்கிறவர். அம்மா காலையிலேயே தாராபுரத்திலிருந்து வந்துவிட்டார். என் பக்கத்து நாற்காலியில் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒவ்வாமை உண்டா? இல்லை. ஆஸ்துமா? இல்லை. வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்திருக்கிறதா? இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். அம்மாவைக் கேட்கக்கூட இல்லை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். தங்கம், நொதி, பூச்சிமருந்து. அவர் ஆர்வமாகக் கேட்டதால், சிரிப்புக்காக, "இதுல வேடிக்கை என்னன்னா டாக்டர், ஆரோக்கியமான இரத்தம்னு என்னோடதை வெச்சேன். அதுலதான் அந்த என்சைமே இல்லை" என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன். ஆஸ்பத்திரி ரிசல்ட்டைக் கணினியில் தேடி எடுத்தார். உடனே கீழே போன் செய்து, என் இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் இன்னொரு நொதியையும் அளக்கச் சொன்னார். பூச்சிமருந்து என்றால் இரண்டுமே விழுந்திருக்க வேண்டுமாம். முடிவு வரும்வரை வெளியே காத்திருந்தோம். மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

"சிவப்பணுவில இருக்கறது முழுசா நல்லா இருக்கு. அப்ப இது விஷம் இல்லைங்க வாணி. உங்க உடம்பு அந்த ஒரு என்சைமைப் பொறந்ததுல இருந்தே செய்யலை. சில பேருக்குப் பரம்பரையா இப்படி இருக்கும். அப்பா வழி, அம்மா வழி ரெண்டுலயும் வரணும். அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவுக்குத் தாய்மாமன் மகன்தான் அப்பா."

"சரி. அன்றாட வாழ்க்கையில இது இல்லாட்டி ஒரு குறையும் இல்லை. ஆனா மயக்கம் கொடுக்கறப்ப தொண்டையில குழாய் இறக்க ஒரு மருந்து உண்டு, ஸக்சினில்கோலின்னு. உடம்புல இருக்கற எல்லாத் தசையையும் தளர்த்திடும், மூச்சு விடற தசையையும் சேர்த்து. எல்லாருக்கும் சில நிமிஷத்துல இந்த என்சைம் அதை வெட்டிப் போட்டுடும். உங்களுக்கு வெட்ட ஆளே இல்லை. மணிக்கணக்கா மூச்சு வராது. இந்தக் கல் குழாயை அடைச்சு, வயிறு நிறைஞ்ச நேரத்துல நீங்க அவசரமா வந்திருந்தா, நான் முதல்ல கையில எடுக்கறது இந்த மருந்தைத்தான்."

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். முதலில் கேட்டதையே வேறு விதமாக மறுபடி கேட்டார். அந்த இரண்டாவது தடவைக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

"அம்மா, உங்களுக்கு ஆபரேஷன் ஏதாவது பண்ணியிருக்காங்களா?"

"இவ பொறக்கறப்பங்க."

"தூங்க வெச்சுத்தானே? முழிக்க ரொம்ப நேரமாச்சா?"

அம்மா பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நான் தூங்கவே இல்லீங்களே."



"ஊசி போட்டாங்க, கண்ணு சொருகுச்சு. கொஞ்ச நேரந்தானுங்க. அப்புறம் முழிப்பு வந்திருச்சு. கண்ணைத் தொறக்கலாம்னா முடியலீங்க. சுண்டு வெரலு கூட அசையல. தையல் போட்டது தெரிஞ்சுதுங்க. கொழந்தை அழுகுது. பொம்பளப் புள்ளன்னு யாரோ சொல்றாங்க. மூச்சு நானா உடலீங்க. மூஞ்சி மேல எதையோ வெச்சு அமுக்கி அமுக்கி உட்டாங்க. அமுக்கறதை நிறுத்துனா அவ்வளவுதான்னு எனக்குத் தெரியுது. கத்தோணும்னு இருக்குது. ஒரு நர்ஸம்மா மட்டும், கேக்குதோ இல்லியோன்னுட்டு, பேசிக்கிட்டே இருந்தாங்க. இந்தா அம்மிணி, இன்னொரு மூச்சு, இந்தா இன்னொண்ணுன்னு. பொழுதுக்கும் அப்படியே கெடந்தேனுங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இவங்கப்பாகிட்ட ஒருக்கா சொன்னேனுங்க. மயக்கத்துல கனவு கண்டிருப்பேன்னுட்டாங்க. அதுக்கு மேல யார்கிட்டச் சொல்றதுங்க? பைத்தியம்பாங்க."

டாக்டர் எழுந்தார். தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்து வந்து அம்மாவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அது கனவு இல்லைங்கம்மா. நீங்க சொன்னது அத்தனையும் நடந்தது. உங்களைத் தூங்க வெச்ச மருந்து சீக்கிரம் இறங்கிடுச்சு. தசையைத் தளர்த்தின மருந்து இறங்கலை. உங்க உடம்புலயும் அந்த என்சைம் இருக்காதுன்னு நெனைக்கறேன். அன்னைக்கு அதைக் கண்டுபிடிக்க அங்க யாருக்கும் வழியில்லாம இருந்திருக்கும்."

"நெசமாலுமேங்களா?"

"நெசந்தாங்கம்மா."

அம்மா தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார். டம்ளர் முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தார்.

தூங்க வெப்பாங்க, முழிச்சுக்குவேன், அவ்வளவுதான். போன வாரம் நான் அவரிடம் சொன்னது.

ஜூலை 9, செவ்வாய்

அம்மாவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். சாருமதி மேடம் தன் நாற்காலியில் உட்கார வைத்தார். ரெஹானா இரத்தம் எடுத்தாள். "வலிக்கவே இல்லியே பொண்ணு!" என்று அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவில் வந்த குழம்புக்காக அவள் அம்மாவுக்குப் போன் போட்டு நன்றி சொல்லி, அப்படியே செய்முறையும் கேட்டுக்கொண்டார்.

மூன்று குழாய்கள். ரெஹானாவுடையது, என்னுடையது, அம்மாவுடையது. காத்திருந்தோம். ஒன்று நீலமானது. இரண்டு சிவப்பாகவே நின்றன.

அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பாக்கறதுக்கு எங்க ரெண்டு பேரோடதுதான் நல்லாருக்குது" என்றார்.

"ஆமாங்கம்மா. என்னோடது சாயப்பட்டறைத் தண்ணியாட்டம் இருக்குது" என்றாள் ரெஹானா. அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இதற்குமுன் கேட்டதில்லை.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு தப்புன்னு நீ தூக்கி வெச்ச ரீடிங் எதையும் அழிச்சுடாதே. எல்லாமே சரி. உன் சென்சார் ஒரு நாள்கூடப் பொய் சொல்லலை" என்றார்.

அப்பாவுக்கு அம்மாவே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. வந்ததா என்றே தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

அப்பா வந்துவிட்டார். இரண்டு நாள் தாடி. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுத்து, சாப்பிட்டியா என்று கேட்கிறார். நாளைய ஆபரேஷனுக்காக எதுவும் சாப்பிடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

டாக்டர் செலின் என் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டி, அந்த மருந்தின் பெயரை எழுதி, இது கூடாது என்று பெரிதாக எழுதினார். வேறு மருந்துதான் கொடுப்பாராம். அதை வெட்ட இந்த நொதி தேவையில்லை. என்னிடம் விளக்கியதை அம்மாவிடமும் ஒரு தடவை பொறுமையாக விளக்கினார். அம்மா, "அப்பச் சரிங்க" என்றார். பேனாவை ரெஹானாவிடம் கொடுக்கிறேன்.

ஜூலை 13, சனி

விழித்தேன். கண் திறந்தது. கை அசைந்தது. மூச்சு தானாக வந்தது. இத்தனை வருடமாக அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

முதலில் தெரிந்த முகம் அம்மாவுடையது. "சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சா கண்ணு?" என்றார்.

"ஒண்ணுமே கேக்கலைம்மா. நல்லாத் தூங்கிட்டேன்."

அம்மா என் நெற்றியில் கை வைத்தபடியே அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 14, ஞாயிறு

வலி குறைவு. வராந்தாவில் ஒரு நடை நடந்தேன். கஞ்சி இறங்குகிறது.

காலையில் டாக்டர் செலின் வந்து இரண்டு அட்டைகள் கொடுத்தார். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டும், ஒருபோதும் கையை விட்டுப் பிரியக் கூடாது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு தன் பெயரைப் படித்தார். அடுத்த மாதம் அப்பாவும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

அப்பா சன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அம்மா அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லுங்க. அது கனவா?"

அப்பாவின் கை நின்றது. நான் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். எழ முடியவில்லை.

"இல்ல" என்றார் அப்பா.

பிறகு சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த நர்ஸம்மாவுக்குக் கை ஓஞ்சு போச்சு. வேற ஆளில்ல. வெளிய நின்ன என்னைக் கூப்பிட்டு, இந்த மூச்சுப் பையை இப்படி அமுக்குங்கன்னு காட்டிக் குடுத்தாங்க. நானும் கொஞ்ச நேரம் அமுக்குனேன்."

"தெரியும். நர்ஸம்மா சீரா அமுக்குவாங்க. நீங்க பதறிப் பதறி அமுக்குனீங்க. ஒரு மூச்சு பெருசு, ஒரு மூச்சு சிறுசு."

அப்பா திரும்பினார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். 

"அப்ப ஒரு வார்த்தை சொல்லிப்போட்டேன் கண்ணு. நீ பொறந்து ஒரு மணி நேரங்கூட ஆகல. பக்கத்து ரூம்ல அழுதுட்டிருந்தே. நான், இந்தப் புள்ள வேண்டாம் சாமி, வேணும்னா எடுத்துக்க, இவளை மட்டும் குடுத்துருன்னு… அழுதுட்டே சொன்னேன். இவளுக்குக் காது கேக்கும்னு எனக்கென்ன தெரியும்? வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் இவ, நீங்க அன்னைக்குச் சொன்னது எனக்குக் கேட்டுச்சுன்னு சொன்னா. நான் உன்னை மடியில வெச்சிருந்தேன். எப்படி ஆமாங்கறது? கனவுன்னுட்டேன்."

இருபத்தொன்பது வருடமாக அப்பா என்னை ஒரு தடவைகூட அதட்டியதில்லை. அது அவர் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

அம்மாதான் முதலில் பேசினார். குரலில் கோபம் இருந்தது. ஆனால் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை அது.

"நான் எதுக்குக் கேட்டேன்னு நெனச்சீங்க? சண்டைக்கா? கல்யாணமாகி ஒன்றரை வருசம், நீங்க எங்கிட்ட ஆசையா ஒரு வார்த்தை பேசுனதில்ல. சோறு போடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். அன்னைக்குத்தான் பேசுனீங்க. அந்த வார்த்தையைப் புடிச்சிட்டுத்தான் நான் உள்ள கெடந்தேன், இந்தாளுக்கு நம்ம மேல இத்தனை இருக்குதான்னு. அதைத் திரும்பக் கேக்கலாம்னு வந்தா, கனவுன்னுட்டீங்க."

அப்பா உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சாறு விரலில் வழிந்தது.

"அப்பா" என்றேன். "உங்க இடத்துல நான் நின்னிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

நெசமாகவே சொன்னேன். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அம்மா மூச்சில்லாமல் கிடந்த அந்தப் பொழுதில் அப்பாவின் பதறிய கையிலிருந்து போன காற்றுதான் அவரை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. பெயர் தெரியாத அந்த நர்ஸம்மாவுக்கும் அப்பாவுக்கும், இனி யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று படுத்தபடியே யோசித்தேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. விட்டுவிட்டேன்.

அம்மா கட்டிலின் ஓரத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அப்பா வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சிலிருந்து ஒரு சுளையை எடுத்து, நாரை மெதுவாக நீக்கி, அம்மாவிடம் நீட்டினார்.

"சொல்லிட்டுக் குடுங்க" என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். அது அம்மாவுக்கானது. இங்கே எழுதப் போவதில்லை.